சில்லி என்ற சொல்லுக்கு ஓர் எடுத்துக்காட்டு

எதிர் மேஜைக்காரர் மேல் எனக்கு முதல் நாளிலிருந்தே சந்தேகம். அந்த அகராதி அலுவலகத்தில் நாங்கள் இரண்டு பேருமே தற்காலிகம். மாதக் கடைசியில் ஒருவரைத்தான் நிரந்தரமாக்குவார்கள். அப்படியிருக்க, இந்த மனிதர் தினமும் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வருகிறார். எதற்காம்? காரணமில்லாமலா ஒருவர் இவ்வளவு நல்லவராக இருப்பார்?

அன்று அவர் 'சில்லி' (silly) என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதி அட்டை எழுதிக்கொண்டிருந்தார். கை கழுவப் போன நேரம் பார்த்து எட்டிப் பார்த்தேன். ஆதியில் 'பேறு பெற்றவர்' என்று பொருளாம். பிறகு 'கள்ளமில்லாதவர்', அப்புறம் 'பாவப்பட்டவர்', கடைசியில் 'அசடு'. ஒரு சொல்லுக்கே இந்தக் கதி! கீழே எடுத்துக்காட்டு வாக்கியம்: 'அந்த வேலை கிடைக்கும் என்று இன்னும் நம்புகிறாயே, எவ்வளவு சில்லி!'

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முந்தின நாள்தான் அவரிடம், "இந்த வேலை கிடைச்சாதான் சார் வீட்ல எனக்கு மரியாதை" என்று உளறியிருந்தேன். அடப்பாவி!

திரும்பி வந்தவரிடம், "யாரை நெனச்சு எழுதினீங்க?" என்று கேட்டேன்.

"அது... விடுங்கம்மா." திருட்டு முழி வேறு.

சும்மா இருப்பேனா? அட்டையோடு நேரே அகராதியின் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனேன். "சார், கூட வேலை செய்றவங்களைக் கிண்டல் பண்ணி அகராதியில எழுதறாரு. அச்சுல வந்தா நம்ம மானம் போயிடும்" என்று போட்டுக் கொடுத்தேன். ஒன்றுக்கு இரண்டாகவும் சொன்னேன். ஆசிரியர் வாக்கியத்தை மட்டும் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். மாதக் கடைசி வரை காத்திராமல் சாயங்காலமே முடிவு வந்தது: வேலை எனக்கு.

மறுநாள் அட்டையை இழுப்பறையில் அடுக்கும்போதுதான் திருப்பினேன். வாக்கியத்தை யார் சொன்னது, எங்கே கேட்டது என்று பின்பக்கம் குறிப்பது எங்கள் வழக்கம். ஒரு நாளைக்கு நூறு அட்டை திருப்புகிறவள், ஆத்திரத்தில் இதை மட்டும் திருப்பவில்லை. பொடி எழுத்தில் இருந்தது: 'இன்று காலை, வீட்டு வாசலில். என் மனைவி என்னைச் சொன்னது.'

அட்டையை உள்ளே தள்ளி இழுப்பறையை மூடினேன். அவர் பையில் சாமான்களை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"வாழ்த்துகள்மா. உங்களுக்குக் கிடைச்சதுல சந்தோஷம்தான்" என்றார். "என்னைப் பத்தி யாரோ ஏதோ சொல்லியிருக்காங்களாம். யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியலையே சார்" என்றேன்.

அதையும் அவர் நம்பினார்.