சிவப்புப் புள்ளி வைத்த வயர்

"கைய எடுன்னு சொன்னேன். காதுல விழுதா இல்லையா?"

"பெரியக்கா, மெதுவாப் பேசுங்க. வெளிய ஆளுங்க இருக்காங்க."

"இருக்கட்டுமே. அவன் செருப்பு இன்னும் வாசல்ல கெடக்கு. அதுக்குள்ள அவன் சாமானப் பிரிச்சு மேயுறியே, உனக்கே நல்லா இருக்கா?"

"நான் என்ன திருடவா வந்தேன்? பழைய மெஷின். வயரெல்லாம் சூடாகும். அக்கா தனியா இருக்கப் போற வீடு. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

சமையலறையில் டீ குடித்த குவளைகளைக் கழுவிக்கொண்டிருந்தவள் குழாயை மூடினாள். காலையில்தான் அவள் கணவனை அடக்கம் செய்துவிட்டு வந்திருந்தார்கள். வந்தவர்களில் பாதிப் பேர் போய்விட்டார்கள். மீதிப் பேர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த பஸ்ஸைப் பிடிப்பது என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

உள்ளறையில் சண்டை போட்ட இருவரில் ஒருத்தி அவள் நாத்தனார், இறந்தவனின் அக்கா. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். வேன் நிறையப் பிள்ளைகள் போடும் கூச்சலுக்கு மேலே கத்திப் பழகிய தொண்டை, மெதுவாகப் பேச வராது. இன்னொருவன் அவளுடைய சொந்தத் தம்பி.

கையைத் துடைத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். மூலையில் இருந்த மேஜை முன்னால் இழுக்கப்பட்டிருந்தது. கம்ப்யூட்டர் பெட்டி தரையில் பக்கவாட்டாகக் கிடந்தது. மூடியைக் கழற்றிவிட்டுத் தம்பி மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். அவன் கையில் இருந்தது அவளுடைய ஸ்க்ரூடிரைவர். அவள் வேலை பார்க்கும் கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடிகளுக்குத் திருகு மாட்ட வைத்திருந்தது. அதைத்தான் கணவனும் வாங்கி வாங்கி இந்தப் பெட்டியைத் திறப்பான். திருப்பித் தரும்போதெல்லாம், "உன் ஸ்க்ரூடிரைவர் இல்லன்னா என் பொழப்பு ஓடாது" என்பான்.

"என்னடா பண்ற?" என்றாள்.

"ஒண்ணுமில்லக்கா. இது இங்க எதுக்குன்னு... நான் எடுத்துட்டுப் போயிடுறேன். பழைய சாமான் கடையில போட்டுடுறேன். பாக்கப் பாக்க உனக்குக் கஷ்டமா இருக்கும்."

"எனக்குக் கஷ்டமா இருக்கும்னு நான் சொன்னேனா?"

தம்பி பெட்டிக்குள்ளிருந்து எதையோ அசைத்து அசைத்து இழுத்துக்கொண்டிருந்தான். வேர்த்திருந்தது. ஒரு பழைய மெஷினை எடுத்துப் போக இவ்வளவு அவசரம் எதற்கு என்று அவளுக்குப் புரியவில்லை.

அந்த மெஷின் முதலில் தம்பியுடையதுதான். அவன் புதிது வாங்கியபோது, "மச்சான், இத நீங்க வச்சுக்கோங்க, குப்பையில போடுறதுக்குப் பதிலா" என்று கொண்டுவந்து வைத்தான். கணவன் லிஃப்ட் மெக்கானிக். நாளெல்லாம் அடுத்தவர்கள் கட்டிடத்தில் இருட்டுக்குழிக்குள் எண்ணெய்ப் பிசுக்கோடு நிற்கிறவன். அந்தக் குப்பையை மூன்றாவது பிள்ளை மாதிரித் துடைத்து வைத்தான். முதல் பிள்ளையும் இரண்டாவது பிள்ளையும் இல்லாத வீடு அது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலமானால் கார் ரேஸ். தம்பி அவன் வீட்டிலிருந்து, தம்பியின் நண்பர்கள் அவரவர் வீட்டிலிருந்து, கணவன் இந்த மூலையிலிருந்து. எல்லோர் காரும் ஓடும். இவன் கார் மட்டும் நின்று நின்று தாவும். வளைவுக்கு முன்னால் ஒரு படம், சுவரில் முட்டிய பிறகு ஒரு படம். நடுவில் நடந்தது எதுவும் திரையில் வராது. தம்பிதான் பேர் வைத்தான், "ஸ்லைடு ஷோ" என்று. ஒட்டிக்கொண்டது. கணவன் சிரித்துக்கொண்டே தன் பெயரையே அங்கே அப்படி மாற்றி வைத்துவிட்டான். அந்தச் சிரிப்பு எவ்வளவு நேரம் நிற்கும் என்று அவளுக்குத்தான் தெரியும். ஹெட்போனைக் கழற்றிய பிறகு, ரொம்ப நேரம் அணைந்த திரையைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

பிறகு தம்பியே ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்டு கொண்டுவந்து மாட்டிக் கொடுத்தான். படம் ஓடுவதற்கென்றே உள்ள பலகை அது. "இனிமே பறக்கும் மச்சான்" என்றான். பறக்கவில்லை. அதே தாவல்தான். போனில் கேட்டால், "உங்க மெமரி, அந்த ராம், பத்தல" என்றான். கணவன் ஓவர்டைம் பார்த்துப் பழைய ராம் ஒன்று வாங்கிப் போட்டான். "பவர் சப்ளை வீக்கு" என்றான். அதையும் மாற்றினான். சைக்கிளை விற்றான். டீயை நிறுத்தினான். கிட்டத்தில் இருப்பது மங்கிப்போய்ப் பேப்பரைக் கை நீட்டிப் படிக்கிற நிலை. அவள் தன் கடையிலேயே குறைந்த விலைக்குக் கண்ணாடி போட்டுத் தருகிறேன் என்றபோதும், "அது அடுத்த மாசம் பாத்துக்கலாம். ஒரு தடவ அவன முந்திட்டா போதும். ஒரே ஒரு தடவ" என்றான்.

வெள்ளிக்கிழமை, ஓடாத லிஃப்டைப் பார்க்கப் படியேறிப் போனவன் பாதிப் படியிலேயே உட்கார்ந்தான். எழுந்திருக்கவில்லை.

டப்பென்று சத்தம் கேட்டது. தம்பி கார்டைப் பிடுங்கி எடுத்திருந்தான். எடுத்த வேகத்தில் அதைச் சட்டைக்குள் செருகப் போனான்.

"அத இங்க குடு."

"அக்கா, இது..."

"குடுன்னேன்ல?"

வாங்கிப் பார்த்தாள். தூசி படிந்த கறுப்புப் பலகை. அதன் ஓரத்தில் வயர் செருகும் ஓட்டைகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் மஞ்சள் நிறத்தில் குட்டி பிளாஸ்டிக் மூடி. அவள் நகத்தால் ஒன்றை நெம்பினாள். வரவில்லை. கார்டை மாட்டியதிலிருந்து ஒருமுறைகூடக் கழற்றப்படாத இறுக்கம்.

"இது என்ன மூடி?"

"தூசு போகாம இருக்கக் குடுக்குறது."

"மூடி போட்டிருந்தா வயர் எப்படிப் போகும்?"

அவள் பெட்டியைத் திருப்பினாள். திரையிலிருந்து வரும் வயர் இன்னும் செருகியபடியே இருந்தது. ஆனால் கார்டு மாட்டியிருந்த இடத்தில் அல்ல, மேலே, மெஷினுக்கே சொந்தமான வேறொரு ஓட்டையில். கார்டு வழியாகப் படம் வந்ததே இல்லை. வயரின் தலையில் ஒரு சிவப்புப் புள்ளி. ஓட்டைக்குப் பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு சிவப்புப் புள்ளி. அவளுடைய நகப்பூச்சு.

கணவன் லிஃப்டில் எந்த வயரைக் கழற்றினாலும் முதலில் அடையாளம் வைத்துவிட்டுத்தான் கழற்றுவான். வேலைக்குச் சேர்ந்த காலத்திலிருந்து அதுதான் வழக்கம். "எப்படி இருந்துச்சோ அப்படியே திருப்பி மாட்டணும். இல்லன்னா மேல போறது கீழ போகும்" என்பான். கார்டைத் தம்பி மாட்டிக் கொடுத்த மறுநாளே அவளிடம் நகப்பூச்சு வாங்கிப் போய் எல்லா வயருக்கும் புள்ளி வைத்தான். அதற்குப் பிறகு எத்தனை முறை பெட்டியைத் திறந்து எதை மாற்றினாலும், சிவப்பைச் சிவப்போடு சேர்த்துத் தப்பாமல் மாட்டினான். தப்பான ஓட்டையில்.

மஞ்சள் மூடிகள் அவன் கண்ணுக்குத் தெரிந்திருக்காது. கண்ணாடிதான் அடுத்த மாதம் ஆயிற்றே.

"எங்க கடைக்குப் புதுக் கண்ணாடி வரும்போது மேல ஒரு ஸ்டிக்கர் ஒட்டிருக்கும்" என்றாள் அவள். "அத உரிக்காம யாருக்கும் மாட்டி அனுப்ப மாட்டோம். இந்தக் கார்ட மாட்டினது நீ. வயரச் சொருகினதும் நீ. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றான் தம்பி.

நாத்தனார் கதவைச் சாத்தினாள்.

"சும்மா விளையாட்டுக்குத்தான்க்கா. ஒரு வாரத்துல கண்டுபிடிச்சிடுவார், எல்லாரும் சேர்ந்து சிரிக்கலாம்னு நெனச்சேன். அவர் கண்டுபிடிக்கல. அப்புறம் ராம் வாங்கிட்டார். அதுக்கு மேல எப்படிச் சொல்றது?"

"ராம் பத்தலன்னு சொன்னது யாரு?"

"நான்தான்."

"பவர் சப்ளை?"

தம்பி ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"அவன் சைக்கிள வித்தான்டா" என்றாள் நாத்தனார். "மழையில நனைஞ்சுக்கிட்டு நடந்து போனான். என் வேன்ல ஏறுடான்னா, பிள்ளைங்களுக்கு இடம் பத்தாதுன்னு சொல்லிட்டுப் போனான்." நாத்தனாரின் குரல் முதல்முறையாகத் தாழ்ந்திருந்தது. அது கத்தலைவிடப் பயமாக இருந்தது.

அவள் கார்டைத் தம்பியிடம் நீட்டினாள். "மாட்டு."

"அக்கா, இப்ப எதுக்கு..."

"மாட்டுடா. எப்படி மாட்டணுமோ அப்படி மாட்டு."

அவன் மாட்டினான். ஒவ்வொரு மஞ்சள் மூடியாகக் கழற்றினான். அவள் உள்ளங்கையை நீட்ட, ஒவ்வொன்றாக அதில் வைத்தான். பெட்டியை மேஜைக்கடியில் தள்ளி, தவழ்ந்து போய் வயரைச் சரியான ஓட்டையில் செருகினான். வெளியே வந்தபோது முழங்காலெல்லாம் தூசி. தட்டிவிட்டுக்கொள்ளவில்லை.

மெஷின் எழுந்தது. ரேஸ் திரை வந்தது. கணவனின் நீலக் கார், ஆரம்பக் கோட்டில் நின்றது. அவள் அம்புக்குறியை ஒரு தட்டுத் தட்டினாள். கார் நகர்ந்தது. தாவவில்லை. எண்ணெயில் வழுக்குவதுபோல வளைவில் திரும்பிப் போனது. ரோட்டோரத்தில் மரங்கள் இருந்தன. அங்கே மரங்கள் இருப்பதே அவளுக்கு இத்தனை நாள் தெரியாது. அவனுக்கும் தெரிந்திருக்காது.

அப்போதுதான் ஸ்பீக்கரில் தம்பியின் நண்பர்களுடைய குரல்கள் வந்தன. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்.

"ஏய், ஸ்லைடு ஷோ வந்தாச்சுடா."

"வாங்க தல. இன்னைக்கு எத்தன போட்டோ காட்டப் போறீங்க?"

"ஆல்பம் ரெடியா?"

சிரிப்பு. நாத்தனார் திரையைப் பார்த்தாள், பிறகு தம்பியைப் பார்த்தாள்.

"இவங்ககிட்ட நீ சொல்லலையா?" என்று தன் தம்பியிடம் கேட்டாள் அவள்.

"எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

அவள் மைக்கை அவன் பக்கம் திருப்பினாள். "இப்ப சொல்லு."

"அக்கா, வேணாம்க்கா."

"மொத்தமும் சொல்லு. வயரு, ராமு, பவர் சப்ளை. ஒண்ணு விடாம சொல்லு. எத்தன பேர வச்சுக்கிட்டு அவரப் பாத்து நீ சிரிச்சியோ அத்தன பேரும் கேக்கணும்."

தம்பி தொண்டையைச் செருமினான். "டேய், நான்தான் பேசுறேன்" என்றான். "மச்சான் வீட்லருந்து."

"என்னடா, அவர் மெஷின்ல நீ என்ன பண்ற? ரெண்டு பேரும் சேர்ந்து ஓட்டப் போறீங்களா?"

"மச்சான் செத்துட்டார்டா."

சிரிப்பு நின்றது. ரேஸின் எஞ்சின் சத்தம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. தம்பி சொன்னான். முதலில் சுற்றி வளைத்தான். அவள் மேஜையை விரலால் ஒரு தட்டுத் தட்டினாள். நேராகச் சொன்னான். சொல்லி முடித்ததும் ஒரு குரல், "நாங்க சிரிச்சோமேடா" என்றது. இன்னொரு குரல் ஏதோ ஆரம்பித்து நிறுத்தியது. திரையோரத்தில் இருந்த பெயர்கள் ஒவ்வொன்றாக அணைந்தன. நீலக் காரின் பெயர் மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

"மன்னிச்சிடுக்கா" என்றான் தம்பி.

"எங்கிட்ட ஏன் கேக்குற? அடுத்த ஞாயித்துக்கிழமை அங்க வா." அவள் திரையைக் காட்டினாள். "அவர் பேர்ல நான் வருவேன். எல்லாரையும் கூப்பிட்டு வை. நீ ஒளிஞ்சுக்காம வரணும்."

"உனக்கு ஓட்டத் தெரியாதேக்கா."

"அவருக்கும் தெரியாதுன்னுதான் நெனச்சிருந்தோம்."

"நான் சொல்லித் தரேன்" என்றாள் நாத்தனார். "ரோடு நிறைய ஆட்டோவும் வேன் நிறையப் பிள்ளைங்களும் வச்சுக்கிட்டு ஓட்டுறவ நான். இந்தக் காலி ரோட்டுல ஓட்ட முடியாதா?" ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அம்புக்குறியை அழுத்தினாள். நீலக் கார் நேராகப் போய் ஒரு மரத்தில் மோதி நின்றது. "இதுல பிரேக்கு எங்க இருக்கு?" என்றாள்.

தம்பி வாசலுக்குப் போனான். கணவனின் செருப்பு வழியில் கிடந்தது. அதைத் தாண்டவும் முடியாமல் நகர்த்தவும் முடியாமல் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு சுவரோரமாக ஒட்டிக்கொண்டு வெளியேறினான். அவள் அவனைக் கூப்பிடவில்லை.

நாத்தனார் முகம் கழுவப் போனதும் அவள் மேஜைக்கடியில் குனிந்தாள். பழைய ஓட்டையின் சிவப்புப் புள்ளியைப் பிளேடால் சுரண்டினாள். லேசில் போகவில்லை. அழுத்தி வைத்திருந்தான். நகப்பூச்சுப் புட்டி அடியில் கொஞ்சம் கெட்டியாகக் கிடந்தது. குலுக்கி எடுத்துப் புதிய ஓட்டைக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி வைத்தாள். காயும்வரை ஊதினாள்.

அவன் நாற்காலி அவன் உயரத்துக்கு வைத்தபடி இருந்தது. ஏறி உட்கார்ந்தபோது அவள் கால் தரையில் படவில்லை. இறக்கிக்கொள்ள ஒரு கைப்பிடி உண்டு. அதை அவள் தொடவில்லை. கம்ப்யூட்டர்காரர்கள் கேள்வி கேட்டுப் பதில் எழுதும் இணையக் குழு ஒன்றில் அவன் அடிக்கடி கேட்டுக்கொண்டிருப்பான். அதைத் திறந்து, ஸ்லைடு ஷோ என்ற பெயருக்குக் கீழே ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். மெஷின் பழசுதான். ராம் மாத்தியாச்சு. பவர் சப்ளையும் மாத்தியாச்சு. கார்டு இன்னைக்குத்தான் வேலை செய்யுது. கையில அதிகமா இல்ல, ஒரே ஒரு சாமான்தான் வாங்க முடியும். கார் ரேஸ்ல ஒருத்தன முந்தணும். வேற யாரையும் முந்த வேணாம். அடுத்த ஞாயித்துக்கிழமைக்குள்ள எத மாத்தினா சரியா இருக்கும்? தெரிஞ்சவங்க தயவுசெஞ்சு பதில் போடுங்க."