நிழல்களை எண்ணிய வீடு

உள்ளான் பறவைகள் வராமல் போன ஆண்டிலும் அவற்றின் நிழல்கள் வழக்கமான வாரத்திலேயே உப்புவெளிக்கு வந்து சேர்ந்தன. கூட்டம் பெரிதாகத்தான் இருந்தது. கடல்நீர் ஏறும்போது அவை வெள்ளை உப்பின்மேல் எழுந்து பரவின, நீர் வடியும்போது சேற்றுக்குத் திரும்பின, பருவம் முடிந்ததும் வடக்கு நோக்கி ஒழுங்காகப் புறப்பட்டுப் போயின. அடுத்த ஆண்டும் அப்படியே நடந்தது. பறவை ஆராய்ச்சி நிலையத்தின் வாசற்பலகையில் ‘குறைவில்லை’ என்று எழுதப்பட்டது. எழுதியது எங்கள் குடும்பம். எண்ணியதை எண்ணியபடி எழுதினோம். வேறுவிதமாகப் பேசுபவர்கள் உப்புவெளியில் ஒரு பகல் நின்று பார்த்துவிட்டுப் பேசட்டும்.

நிலையத்தைத் தொடங்கிய பெரியவர்தான் அந்த எண்ணும் முறையைக் கண்டுபிடித்தவர். கைக்குள் அடங்கும் அந்தச் சிறு பறவைகள் கூட்டமாக எழுந்தால் புகைபோலத் தெரியும். ஒன்றின்மேல் ஒன்று மறையும், கண் கூசும், பார்ப்பவன் மனம் போனபடி கூட்டிச் சொல்வான். ஆனால் அதே கூட்டத்தின் நிழல் உப்பின்மேல் மிளகு சிதறினாற்போலத் தனித்தனியாக விழும். ஆகவே கோபுரத்தில் ஏறுபவர் கீழேதான் பார்க்க வேண்டும் என்று அவர் விதித்தார். பைனாகுலரோடு வரும் விருந்தாளிகளிடம் அதை வாங்கிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிடுவார்கள். இரண்டாவது விதி வீட்டுக்கும் சேர்த்து இருந்தது. ஒருவர் சொன்னதை மற்றவர் மறுதடவை கேட்கக் கூடாது. கேட்டால் சொன்னவரைச் சந்தேகிப்பதாகும். சாப்பாட்டில் உப்பு போட்டாயிற்றா என்பதைக்கூட எங்கள் வீட்டில் ஒரு தடவைதான் கேட்போம். இப்படித்தான் பெரியவர் பெயர் வாங்கினார். பல நாடுகளிலிருந்து ஆட்கள் வந்து அந்த முறையைப் படித்துப் போனார்கள். அவர் இறந்தபோதும் அவருடைய பார்வை தாழ்ந்தே இருந்தது.

அவருக்குப்பின் மகன் கோபுரத்துக்கு ஏறினான். மகள் மேல்படிப்பு முடித்து வந்து வலை கட்டினாள். பறவையைப் பிடித்து, காலில் வளையம் மாட்டி, எடை பார்த்து விட்டுவிடுவது அவள் வேலை. அண்ணன் எண்ணுவான், தங்கை அந்த எண்ணிக்கையை வைத்து ஆராய்ச்சி எழுதுவாள். வளையம் போட்ட பறவை மறு ஆண்டு திரும்பி வந்தால் அவள் அன்று முழுவதும் யாரிடமும் கோபப்பட மாட்டாள். கேன்டீன்காரர் அந்த நாள் பார்த்துத்தான் பால்பவுடருக்கு அனுமதி கேட்பார்.

வெயில் வருடத்துக்கு வருடம் முன்னதாக வரத் தொடங்கியது. மேலே ஆற்றின் மதகு மூடியே கிடந்ததால் சேறு இறுகியது, புழுக்கள் ஆழத்துக்குப் போயின. பிறகு ஒரு பருவத்தில் வலை காலியாக இருந்தது. தங்கை கோபுரத்தின் கீழே நின்று கேட்டாள்: “ஒண்ணுகூட மாட்டலைண்ணா. எங்க போச்சு எல்லாம்?”

“வந்துட்டுப் போயிடுச்சும்மா” என்றான் அண்ணன். “வலைக்கு மேலயே போயிடுச்சு.”

அவள் மறுதடவை கேட்கவில்லை. வளர்ப்பு அப்படி. ஒவ்வொரு பருவமும் அவள் கேட்பதும் அவன் அதையே சொல்வதுமாக ஆண்டுகள் போயின. காலி வலைக்கும் குறையாத எண்ணிக்கைக்கும் நடுவே உட்கார்ந்து அவள் ஒரு விளக்கம் கண்டுபிடித்தாள். சூடு ஏற ஏற உள்ளான்கள் குளிர்ந்த காற்றைத் தேடி உயரப் பறக்கின்றன, அதனால் வலையில் சிக்குவதில்லை, மற்றபடி நலமாக இருக்கின்றன. கட்டுரை அழகாக இருந்தது. எல்லாருக்கும் பிடித்திருந்தது. மதகைத் திறந்து சதுப்புக்குத் தண்ணீர் விடலாமா, மேலே உள்ள தோட்டங்களுக்கே கொடுக்கலாமா என்று பெரிய கூட்டம் கூட்டி விசாரித்தபோது அவளைத்தான் அழைத்தார்கள். அவள் படம் போட்டுக் காட்டி, பறவைகள் வெப்பத்துக்குப் பழகிவிட்டன என்று தந்தையின் பெயரைச் சொல்லி உறுதி கூறினாள். கைதட்டினார்கள். தண்ணீர் தோட்டங்களுக்குப் போனது.

அதன்பின் ஒரு பருவத்தில் அண்ணனுக்குக் கண் மங்கியது. வெள்ளை உப்பையே பார்த்துக்கொண்டிருந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும். துணைக்கு எண்ணத் தங்கையும் கோபுரத்தில் ஏறினாள். அன்று வானம் முழுக்க மேகம். கோபுரத்துக்கு நிழல் இல்லை, ஜீப்புக்கு இல்லை, நீட்டிய அவள் கைக்கும் இல்லை. கடல்நீர் ஏறியது. உப்பின்மேல் நிழல்கள் தெளிவாக, கரிக்கோடுபோல எழுந்து பரவின.

“அண்ணா, என் நிழல் எங்க?”

“மேகமா இருக்கில்ல. கீழ பார்த்து எண்ணு.”

“கோபுரத்துக்கே நிழல் இல்லையே. இதுக்கு மட்டும் எங்கேர்ந்து வருது?”

“ஏம்மா, வாயை மூடிட்டு எண்ண மாட்டியா? மேல மட்டும் பார்க்காத.”

அவள் கீழே பார்ப்பதை நிறுத்தினாள். “ஏன் பார்க்கக் கூடாது?”

“சொன்னா கேளு. அப்பா பார்த்ததில்ல, நாம பார்க்கறதில்ல.”

அவள் தலையை நிமிர்த்தினாள். வானத்தில் மேகம் இருந்தது. வேறெதுவும் இல்லை.

“எப்போலேர்ந்து தெரியும் உனக்கு?”

அண்ணன் கைப்பிடிக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான். “முதல் வருஷமே பார்த்தேன். தும்மல் வந்துச்சு, தலை தானா நிமிர்ந்துடுச்சு.”

“நான் கேட்டப்பல்லாம் வந்துட்டுப் போயிடுச்சுன்னியே!”

“நிழல் வந்துச்சு, போச்சு. அதுல என்ன பொய்? இந்த முறையே தப்புன்னு ஊரே சிரிச்சிருக்கும். அப்பா பேரு இருக்குல்ல?”

“அவ்வளவு பேர் முன்னாடி என் வாயால சொல்ல வெச்சியே.”

“நான் எங்க சொல்ல வெச்சேன்? நீயா எழுதின, நீயா போய்ப் பேசின.”

“உன்னை நம்பித்தானே பேசினேன்” என்றாள் தங்கை.

அந்தப் பேச்சு கோபுரத்தோடு நின்றிருக்க வேண்டியது. அவள் நேராக மதகு அலுவலகத்துக்குப் போய், பறவையே இல்லை, இருக்கிற கொஞ்சநஞ்சம் வேறு கரையில் இருந்தால் அதையாவது கூப்பிடத் தண்ணீர் விடுங்கள் என்று கேட்டாள். பொறியாளர் மரியாதையாகத்தான் பேசினார். “மேடம், உயரப் பறக்குதுன்னு நீங்கதான் படம் போட்டீங்க. இப்போ இல்லவே இல்லைங்கறீங்க. நாங்க எதை நம்பறது?”

“இப்போ சொல்றதை நம்புங்க.”

“அன்னிக்குச் சொன்னதும் இதே வாய்தானே மேடம்?”

வீட்டுப் பெயரைப் பெண்ணே வெளியில் கொண்டுபோய்க் கொட்டிவிட்டாள் என்று உறவுக்காரர்கள் வருந்தினார்கள். வருந்தியதில் நியாயம் உண்டு. அண்ணன் செய்ததைப் பற்றி யாரும் அவனிடம் கேட்கவில்லை. தங்கை ஒரு தடவை கேட்டுவிட்டாள், இன்னொருவர் கேட்டால் அது மறுதடவை ஆகிவிடும்.

அந்தப் பருவக் கடைசியில் நிழல்கள் வடக்கே புறப்பட்டபோது அண்ணன் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தான். வெயில் அடித்தது. கூட்டம் கோபுரத்தைக் கடக்கும்போது அவன் நிழல் காலடியில் ஒருமுறை இழுபட்டு, ஈரத்துணி கொடியிலிருந்து நழுவுவதுபோலக் கழன்று, கைகளை விரித்துக்கொண்டு அவற்றோடு போய்விட்டது. அவன் அதைக் கவனிக்காமல் கேன்டீனுக்குப் போனான். “சார், உங்க நிழலை எங்கயோ மறந்து வெச்சுட்டு வந்துட்டீங்க போல” என்றார் கேன்டீன்காரர். அண்ணி வந்து கட்டிலுக்கு அடியிலும் ஜீப்பின் பின்சீட்டிலும் தேடினாள். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்து, நாடி பிடித்து, உடம்புக்கு ஒன்றும் இல்லை, வெயிலில் குடை பிடித்துக்கொண்டால் போதும் என்றார். பிடித்தான். குடைக்கு நிழல் விழுந்தது, அவனுக்கு விழவில்லை. நிழல் போனவர் கோபுரத்தில் ஏறி நிழலை எண்ணுவது முறையல்ல என்று குடும்பம் கூடித் தீர்மானித்தது. அதுமுதல் தங்கை ஏறுகிறாள். பலகையில் இப்போது ‘நிழல்: குறைவில்லை, பறவை: இல்லை’ என்று எழுதுகிறாள். பைனாகுலரை யாரிடமும் வாங்குவதில்லை, கதவுக்குப் பின்னால் ஆணிகள் காலியாக இருக்கின்றன.

சில ஆண்டுகளில் மேலே தோட்டங்கள் வெயிலில் கருகின. தண்ணீரைக் கேட்பாரில்லாமல் போகவே மதகைத் திறந்துவிட்டார்கள். சேறு இளகியது, புழுக்கள் மேலே வந்தன. நிழல்கள் அந்தச் சேற்றில் அலகு வைத்துக் குத்தின. புழுக்கள் குறையவில்லை.

அண்ணனுக்கு இப்போது கண் ஏறக்குறையத் தெரிவதில்லை. ஒவ்வொரு பருவமும் குடையோடு கோபுரத்தின் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறான். நிழல்களோடு கைவிரித்த மனித நிழல் ஒன்றும் வருகிறது என்பது நிலையத்தில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். விருந்தாளிகள்கூட அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் கீழே குனிகிறார்கள். போன பருவம் அது வந்து இறங்கி, நாற்காலிக்கு ஒரு முழத்தில், உப்பின்மேல் மல்லாந்து கிடந்தது. சிறு நிழல்கள் அதைச் சுற்றி மேய்ந்தன.

“என்னுது வந்துச்சாம்மா?” என்று அண்ணன் மேலே பார்த்துக் கேட்டான்.

தங்கை நாற்காலியையும் பார்த்தாள், அதனருகே கிடந்ததையும் பார்த்தாள்.

“வந்துட்டுப் போயிடுச்சுண்ணா” என்றாள்.

அவன் ஏதோ கேட்க வாயெடுத்து, மூடிக்கொண்டான். கடல்நீர் ஏறத் தொடங்கியது. நிழல்கள் எழுந்தன, அதுவும் எழுந்தது. தங்கை எண்ணினாள்.