கண்ணாடிதான் மஞ்சள்

"பாப்பா மஞ்சளா இருக்கா, பாருங்க" என்று ஜான்சி முதல் தடவை சொன்னபோது அவள் புருஷன் ஜெரோம் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "கண்ணாடிதான் மஞ்சள்" என்றான்.

அதில் பாதி உண்மை இருந்ததுதான் வினையாகிப் போனது. பிரசவம் முடிந்து ஜான்சி இரும்புலியூர் வீட்டுக்கு வந்தபோது படுக்கையறை ஜன்னலில் அவன் தன் பட்டறையில் செய்த கண்ணாடித் திரை ஏறியிருந்தது. பின்னால் இருப்பதெல்லாம் தெரியும், மேலே எழுத்தும் படமும் ஓடும். கடை ஷோகேஸில் வைக்கிற சரக்கு. பட்டறையில் வெயில் விழ இடமில்லை. வெயிலில் வைத்துப் பார்க்காமல் நிறத்தைச் சரிசெய்யவும் முடியாது. அதனால் பிள்ளை பெற்றவள் படுக்கிற அறையின் ஒரே ஜன்னலை அது அடைத்துக்கொண்டு நின்றது. கேட்டால், கொஞ்ச நாள்தான் என்றான். எதை எங்கே மாட்டுவது என்று மனுஷனுக்கு ஒரு விவஸ்தை வேண்டாமா?

அவனுக்கும் நெருக்கடிதான், இல்லையென்று சொல்லவில்லை. தாம்பரத்தில் வேட்டிக்கடை வைத்திருக்கும் ஜெயவேலு, முதல் திரையைப் பார்த்துவிட்டுக் கடைவாசலிலேயே மானத்தை வாங்கினார். "இன்னா சார் இது? உள்ள புது வேட்டி கீது. வெளிய நின்னு பாத்தா பழைய வேட்டியாட்டம் கீது. பாதி வெளிச்சத்த உங்க கண்ணாடியே முழுங்கிடுது. எவன் உள்ள வருவான்?" திரைக்குள் மின்சுற்றைத் தாங்குகிற பிளாஸ்டிக் படலமே இளமஞ்சள். அது வெளிச்சத்தைக் குடித்துவிட்டு, மிச்சத்துக்கு மஞ்சள் பூசி அனுப்பியது. அதைச் சரிசெய்யாவிட்டால் ஆர்டர் போய்விடும், பட்டறைக்குப் பூட்டுதான். அன்றிலிருந்து ஜெரோமுக்கு உலகத்தில் வேறு கவலையே இல்லை. சோற்றுக்கு உட்கார்ந்தாலும் மஞ்சள் பேச்சுதான்.

ஜான்சி விடவில்லை. "ஹாலுக்குத் தூக்கிட்டுப் போயும் பாத்தேங்க. அங்கயும் மஞ்சளாத்தான் இருக்கா. பால் குடிக்க மாட்டேங்கிறா, தூங்கிட்டே இருக்கா. ஒரு எட்டு டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாம்."

"நாள் பூரா இந்த ரூம்லயே இருக்கல்ல, உன் கண்ணு மஞ்சளுக்குப் பழகிடுச்சு. அதான் எங்க பாத்தாலும் மஞ்சளாத் தெரியுது."

பச்சைப் பொய். மஞ்சளுக்குப் பழகிய கண், வெளியே போனால் எல்லாவற்றையும் கொஞ்சம் நீலமாகத்தான் பார்க்கும். அவன் தொழிலில் இது அரிச்சுவடி. தெரிந்தேதான் சொன்னான். ஆஸ்பத்திரி, டோக்கன், காத்திருப்பு என்று ஒரு நாள் போனால் வேலை கெட்டுப்போகுமே என்ற பயம் அவனுக்கு. அவளுக்கோ வயிற்றுத் தையல் இன்னும் வலித்தது, குழந்தையோடு தனியாக மாடிப்படி இறங்க முடியாது. படித்தவன், அதுவும் நிறத்தையே படித்தவன் சொல்கிறானே என்று வாயை மூடிக்கொண்டாள். ஆனாலும் குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் புதுத் திரை தயாராகி வந்தது. நிறமே இல்லாத படலம். வெளிச்சம் பட்டுத் திரும்பிவிடாமல் உள்ளே போக இரண்டு பக்கமும் ஒரு மேற்பூச்சு. ஜான்சி குளிக்கப் போயிருந்த நேரத்தில் ஜெரோம் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினான். அறைக்குள் வெயில் கொட்டியது. கட்டிலில், தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில், ஒரு புது வேட்டியை விரித்துப் போட்டான். மாடி வராந்தாவுக்கு ஓடி, வெளியில் நின்று திரை வழியாகப் பார்த்தான். ஐயோ, என்ன வெள்ளை! வெள்ளை வெளேரென்று கிடந்தது வேட்டி. படமெடுத்து ஜெயவேலுவுக்கு அனுப்பிவிட்டு, கண்ணில் தண்ணீரோடு உள்ளே வந்தான்.

"ஜெயிச்சுட்டேன் ஜான்சி!"

அவள் தலையைத் துவட்டிக்கொண்டு அறைக்குள் வரவும் ஜெயவேலுவின் குரல் பதிவு வரவும் சரியாக இருந்தது. அவளும் கேட்கட்டும் என்று சத்தமாக வைத்தான்.

"வேட்டி சோக்கா கீது சார். ஆனா ஓரத்துல ஒரு கொயந்த காலு தெரியுதே, அது இன்னா அம்மாம் மஞ்சளா கீது? இன்னும் கொஞ்சம் சரி பண்ணணும் போல கீதே."

ஜெரோமுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "யோவ், கண்ணாடி மஞ்சள் இல்லய்யா!" என்று போனைப் பார்த்துக் கத்தினான். கத்தி முடித்த பிறகுதான் தான் சொன்னது அவன் காதிலேயே விழுந்தது.

கட்டிலைப் பார்த்தான். வேட்டிக்குப் பக்கத்தில் குழந்தையின் முகம், வயிறு, உள்ளங்கால் வரைக்கும் மஞ்சள். ஜான்சி அதற்குள் அதை வாரித் தூக்கியிருந்தாள். குழந்தை கண் திறக்கவில்லை. தலை அவள் தோளில் துவண்டு விழுந்தது.

கீழ்வீட்டு ஏசுபாதம் ஆட்டோவை எடுத்தார். ஜிஎஸ்டி ரோட்டில் வண்டிகள் நகரவேயில்லை, முன்னால் ஒரு தண்ணி லாரி வேறு. "வழி வுடுய்யா, உள்ள கொயந்த கீது!" என்று ஏசுபாதம் தொண்டை கிழியக் கத்தினார். ஜெரோம் குழந்தையின் பாதத்தைச் சுண்டிச் சுண்டிப் பார்த்தான். "அழுடி என் ராசாத்தி, ஒரே ஒரு தடவை அழுடி. ஏசப்பா, அழ வைங்கப்பா!" குழந்தை அழவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ஞானஜோதி குழந்தையின் மார்பில் விரலை அழுத்தி எடுத்துப் பார்த்தார். பிறகு உள்ளங்காலைப் பார்த்தார். "எத்தனை நாளா இப்படி இருக்கு?"

ஜெரோம் ஜான்சியைப் பார்த்தான்.

"வீட்டுக்கு வந்த மறுநாளே சொன்னேன் டாக்டர்" என்றாள் ஜான்சி. யாரிடம் சொன்னாள் என்று டாக்டர் கேட்கவில்லை.

காமாலை முற்றியிருந்தது. ரத்தத்தையே மாற்ற வேண்டிவரலாம் என்றார். மூளையைத் தொட்டுவிட்டதா, காது கேட்குமா என்பதெல்லாம் போகப் போகத்தான் தெரியும் என்றார். குழந்தை வாய்விட்டு அழுதால் நல்ல அறிகுறி என்றார். குழந்தையின் கண்ணைத் துணியால் மூடி நீல விளக்கின் கீழே படுக்க வைத்தார்கள்.

ஜெரோம் கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தான். அந்த நீலத்தில் குழந்தை என்ன நிறம் என்று யாராலும் சொல்ல முடியாது, அவன் உட்பட. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் நர்ஸ், பாலாடையில் பால் புகட்டிப் பார்க்கலாம் என்று ஜான்சியை உள்ளே கூப்பிட்டாள்.

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். "பால் குடுக்கறப்ப விளக்கை அணைப்பாங்க ஜான்சி. மஞ்சள் குறைஞ்சிருக்கான்னு பாத்துச் சொல்லு. நீ சொல்லு. நீ என்ன சொன்னாலும் கேக்குறேன்."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"அவ அழுதா உங்களுக்கே கேக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவன் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றான்.