கடல் திருப்பிக் கொடுத்த மாப்பிள்ளை

சுகாதார அமைச்சருக்கு நிச்சயம் செய்யப்பட்டிருந்த மாப்பிள்ளை, கடலில் மூழ்கி இறந்து பல ஆண்டுகள் கழித்து, ஒரு காலை வேளையில், நனைந்த கோட்டோடும் ஒற்றைக் காலணியோடும் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அவர் இறந்தவர் என்பது ஒரு சிக்கல்தான். அதைவிடப் பெரிய சிக்கல், அவர் பிறந்ததே இல்லை என்பது. கண்டவர்கள் கண்டபடி எழுதுவதற்கு முன் நடந்ததை நடந்தபடி வீட்டார் எழுதிவைப்பதுதான் முறை.

அவரை உண்டாக்கியவர் அமைச்சரின் அண்ணன். தங்கை முதன்முதலாகத் தேர்தலில் நின்றபோது, பத்திரிகைக்காரர் ஒருவர் முன்னறையில் உட்கார்ந்துகொண்டு, அம்மா ஏன் இன்னும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டார். அந்த நேரத்தில் தங்கை மாடியில் தோழியான கால்நடை மருத்துவரோடு இருந்தார். இருவரும் கல்லூரிக் காலத்திலிருந்தே பிரியாதவர்கள். ஒரே அறை, ஒரே அலமாரி, ஒருவர் செருப்பை மற்றவர் போட்டுக்கொண்டு போகிற அளவுக்கு ஒட்டுதல். வெளியாரிடம் கால்நடை மருத்துவரை மாடியில் குடியிருப்பவர் என்று சொல்லிவந்தோம். அண்ணன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்கிற நேரம்தான் யோசித்தார். "நிச்சயம் ஆயிருந்துச்சு சார். கப்பல் இன்ஜினியர். கப்பல் முழுகிப்போச்சு. அதுக்கப்புறம் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாதுன்னுட்டா" என்றார். பத்திரிகைக்காரர் பேனாவை மூடி, கொஞ்ச நேரம் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். அந்தத் தொகுதியில் தங்கை எதிராளிகளின் சொந்தக்காரர்களுடைய ஓட்டுகளையும் சேர்த்து வாங்கி வென்றார்.

ஒரு பொய்யை நிறுத்திவைக்க ஒன்பது முட்டு வேண்டும் என்பார்கள். மாப்பிள்ளை ஆறடி உயரம் என்றார் அண்ணன். சவரம் செய்யும்போது முணுமுணுவென்று பாடுவார் என்று அண்ணி சேர்த்தார். புகைப்படக் கடைக்காரர் ஒருவர் மூன்று பேருடைய நெற்றி, மூக்கு, தாடைகளை ஒட்டி ஒரு படம் செய்து கொடுத்தார். அது கூடத்தில் மாட்டப்பட்ட அன்று தங்கை அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "செத்தவனைக் கொஞ்சம் குள்ளமா வச்சிருக்கக் கூடாதாண்ணா? அண்ணாந்து பாத்தே கழுத்து வலிக்குது" என்றார். அதற்கு அதிகம் சிரித்தவர் கால்நடை மருத்துவர்தான். பெயர் வைக்க மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. மாப்பிள்ளை என்றாலே போதுமாக இருந்தது.

நாட்டின் பொதுவாழ்வில் அப்போது இப்படிப்பட்டவர்கள் ஒருவர் இருவர் அல்ல. தலைமை நீதிபதியோடு ஒரு சிற்பி முப்பது ஆண்டுகளாக ஒரே கூரையில் இருந்தார். நீதிபதியின் மனைவி வெளிநாட்டில் சிகிச்சையில் இருப்பதாக அவர் வீட்டார் சொன்னார்கள். வானொலியில் செய்தி வாசித்த அம்மாளுக்குத் தொலைதூரச் சுரங்கத்தில் வேலை பார்க்கும் கணவர் ஒருவர் சொல்லப்பட்டார். ஊர் அறிந்த முகம், வீடு அறிந்த விஷயம். எங்கள் ஏற்பாடுதான் இவற்றில் தரமானது என்று அண்ணன் நினைத்தார். உயிரோடு இருக்கிற கணவனை என்றைக்காவது கொண்டுவந்து காட்டச் சொல்வார்கள், இறந்தவனைக் காட்டச் சொல்ல மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

வாசலில் நின்றவர் ஆறடி இருந்தார். "மன்னிக்கணும், கொஞ்சம் தாமதமாயிடுச்சு" என்றார். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். அண்ணன் எழுந்து போய்ப் பார்த்தார். நெற்றி, மூக்கு, தாடை மூன்றும் கூடத்துப் படத்தில் இருந்தபடியே ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருந்தன. போ என்று சொல்ல வழியில்லை. இவர் யாரோ என்றால், அவர் எங்கே என்று கேட்பார்கள். அண்ணி துண்டு கொடுத்தார். எவ்வளவு துடைத்தும் ஈரம் போகவில்லை, பிறகும் போகவில்லை. மாலையில் பத்திரிகைக்காரர்கள் கூடி, இனி கல்யாணம் எப்போது என்று கேட்டார்கள். "கல்யாணம் கப்பல் ஏறுறதுக்கு முன்னாடியே சத்தமில்லாம முடிஞ்சுபோச்சு" என்றார் அண்ணன். அவர் சொல்லி முடிப்பதற்குள் மாப்பிள்ளையின் விரலில் ஒரு மோதிரம் இருந்தது. பக்கத்தில் நின்ற அண்ணி அதைப் பார்த்தார்.

தங்கை தலைமைச் செயலகத்திலிருந்து வந்து, எதிரில் உட்கார்ந்து, "உங்க பேரு என்னங்க?" என்று கேட்டார். "நீங்கதான் இன்னும் வைக்கலைங்க" என்றார் அவர், குறை சொல்லாமல். கால்நடை மருத்துவர் வழக்கப்படி அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "நாடியே இல்லை. மாட்டுக்குக்கூட எங்கயாவது ஒரு இடத்துல அடிக்கும்" என்றார். அதே ஆண்டில் தலைமை நீதிபதியின் மனைவி பெட்டிகளோடு விமான நிலையத்தில் வந்து இறங்கினார். செய்தி வாசித்த அம்மாளின் வீட்டுக்குக் கரி படிந்த ஒருவர் வந்து சேர்ந்து, குளித்துவிட்டுச் சாப்பாடு கேட்டார். சிற்பி தன் உளிகளை எடுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டார் என்று கேள்விப்பட்டோம்.

மாப்பிள்ளையிடம் எவராலும் ஒரு குற்றம் சொல்ல முடியாது. குடி இல்லை, சத்தம் இல்லை, உப்பு அதிகம் என்று சாப்பாட்டைத் தள்ளியதும் இல்லை. அண்ணன் பிள்ளைகள் அவரை மாமா என்றார்கள். கால்நடை மருத்துவரை எப்படி அழைப்பது என்று எங்கள் வீட்டில் எப்போதும் ஒரு தடுமாற்றம் இருந்தது. கடைக்குட்டி ஒருமுறை சின்ன அத்தை என்று கூப்பிட்டபோது, "அத்தைக்கு ஜோடி மாமாதான். சின்னதும் இல்லை, பெரியதும் இல்லை" என்று அண்ணன் அதட்டிவிட்டார். கணவர் என்று ஒருவர் வந்துவிட்ட பிறகு மாடி அறையை அவருக்கு விடுவதுதான் நியாயம். அவர் உட்கார்ந்த இடமெல்லாம் தண்ணீர் கசிந்து தரை உப்புப் பூத்தது. கால்நடை மருத்துவரின் புத்தகங்கள் ஊறிப் பிரிந்தன. முதலில் மருத்துவர் கீழ்ப் பின்னறைக்கு இறங்கினார். பிறகு, கால்நடை மருத்துவமனைக் கொட்டிலை ஒட்டிய ஒரு அறையில், கால் ஒடிந்த நாய்களோடு போய் இருந்துகொண்டார். தங்கை நாள்தோறும் அலுவலகம் முடிந்து அங்கே போய்விட்டுத்தான் வீட்டுக்கு வருவார். காரில் அவர் பக்கத்தில் மாப்பிள்ளை ஒரு வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கொட்டில் வாசலில் இறங்காமல் காத்திருப்பார்.

ஒருமுறை தங்கை, சட்டமன்றத்தில் எழுந்து எல்லாவற்றையும் சொல்லிவிடப் போவதாக அண்ணனிடம் சொன்னார். அண்ணன் கோபப்படவில்லை. "தாராளமா சொல்லும்மா. உனக்குக் கைதட்டுவாங்க. என் ரெண்டு பொண்ணுங்களை யாரு கேட்டு வருவாங்கன்னு மட்டும் சொல்லிட்டுப் போ" என்றார். தங்கை அதன் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. குறை சொல்ல வருகிறவர்கள், மணவயதில் பெண்களை வைத்திருக்கும் தகப்பனாக ஒருநாள் இருந்து பார்த்துவிட்டு வரட்டும். இரண்டு பெண்களுக்கும் நல்ல இடம் அமைந்தது. இரண்டு திருமணத்திலும் மாமா முன்வரிசையில் நனைந்து உட்கார்ந்திருந்தார்.

தங்கைக்கு நோய் வந்தபோது, அமைச்சராக அவரே கட்டிய மருத்துவமனையில் அவரைச் சேர்த்தார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ரத்த உறவும் கணவன் மனைவியும் தவிர வேறு யாரையும் விடக் கூடாது என்பது அங்கே விதி. நோயாளிகளைக் கூட்டம் தொந்தரவு செய்கிறது என்று அதில் கையெழுத்துப் போட்டவரும் அவர்தான். உள்ளே கட்டில் ஓரத்தில் மாப்பிள்ளை உட்கார்ந்தார். வெளியே தாழ்வாரத்தில் கால்நடை மருத்துவர் நின்றார். காவலாளிக்கு அவரைத் தெரியும். தன் ஆட்டுக்கு அவரிடம்தான் வைத்தியம் பார்த்தவர். "நீங்க போய்ப் பாக்கணும்னுதான் எனக்கும் ஆசை டாக்டரம்மா. ஆனா அவங்களுக்கு நீங்க என்ன வேணும்னு கேட்டா நான் என்னன்னு எழுதுறது?" என்றார்.

கால்நடை மருத்துவர் மாப்பிள்ளையைக் கதவோரம் கூப்பிட்டுக் கேட்டார். "நீங்க நல்லவருதான். கொஞ்சம் எழுந்துக்கக் கூடாதா? அந்த இடம் என்னுது."

"தெரியும் டாக்டர். ஆனா நான் பெரியவர் சொன்னதால இருக்கேன். அவர் இல்லைன்னு சொல்லாம என்னால இல்லாமப் போக முடியாது" என்றார் அவர். கதவு நிலையில் அவர் கை வைத்த இடத்திலிருந்து தண்ணீர் கீழே வழிந்தது.

கால்நடை மருத்துவர் அண்ணனிடம் வந்தார். அதுவரை அவர் எங்களிடம் எதையும் கேட்டதில்லை என்பதை நியாயமாகச் சொல்லவேண்டும். "அண்ணா, அப்படி ஒருத்தர் இல்லைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. இங்க, எங்கிட்ட மட்டும் சொன்னாக்கூடப் போதும். நான் உள்ள போய் அவ கையைப் பிடிச்சுக்கிறேன்."

அண்ணன் தன் கைத்தடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் இருவரும் புகுந்த வீடுகளில் பிள்ளை பெற்றிருந்தார்கள். பேரப் பிள்ளைகளுக்குப் பள்ளியில் மாப்பிள்ளைத் தாத்தாவின் கப்பலைப் பற்றி ஒரு பாடமே இருந்தது. "ரத்தம் கேளுங்க, தர்றேன். சொன்ன வார்த்தையைத் திருப்பிக் கேக்காதீங்க டாக்டர்" என்றார். பிறகு உள்ளே போனார். மாப்பிள்ளை பாதி எழுந்து, கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "உட்காருங்க மாப்பிள்ளை" என்றார் அண்ணன். அவர் உட்கார்ந்தார்.

மாலையில் தங்கை கண்ணை மூடியபடியே, தன் கையில் சொட்டிய தண்ணீரை உணர்ந்து, "மழையா?" என்று கேட்டார். வெளியே நல்ல வெயில். "ஆமாம்மா" என்றார் அண்ணன். உடனே பெய்யத் தொடங்கியது. அதன் பிறகு தங்கை பேசவில்லை. மழை கண்ணாடியில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது. அரசு மரியாதையில், சவப்பெட்டி மேலிருந்த கொடியை மடித்து மாப்பிள்ளையின் கையில் கொடுத்தார்கள். அது உடனே நனைந்தது. கால்நடை மருத்துவர் பொதுமக்கள் வரிசையில் நின்று, தன் முறை வந்ததும் முகத்தைப் பார்த்து, நகரச் சொன்னபோது நகர்ந்தார்.

துக்கம் முடிந்து சில வாரங்களில் மாப்பிள்ளை தானாகவே கொட்டிலுக்கு நடந்து போனார். நினைவுநாள் கூட்டத்தில் பேசச் சொல்கிறார்கள் என்றார். அவருக்குத் தன் உயரம் தெரியும், தன் கப்பல் தெரியும், தான் சவரம் செய்யும்போது பாடுவது தெரியும். மனைவியைப் பற்றி மட்டும் அண்ணன் அவருக்கு எதுவும் உண்டாக்கித் தரவில்லை. "அவங்க எப்படி இருந்தாங்க டாக்டர்?" என்று கேட்டார். கால்நடை மருத்துவர் ஒரு நாயின் கட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தார். முதல் தடவை கதவைச் சாத்திவிட்டார். அடுத்த தடவை ஒரு முக்காலியை எடுத்துப் போட்டார். அவர்கள் பேசியதை நாய்களைத் தவிர யாரும் கேட்கவில்லை. தரையில் தண்ணீர் தேங்கத் தேங்க இருவரும் மாறி மாறித் துடைத்தார்கள் என்று சொல்வார்கள்.

நினைவுநாளில் மாப்பிள்ளை மேடை ஏறினார். போர்வைக்கு வெளியே பாதத்தை நீட்டிக்கொண்டுதான் அவளுக்குத் தூக்கம் வரும் என்றார். முதல் பேச்சை, கூண்டிலிருந்த நாய்களுக்கு எதிரே நின்று ஒத்திகை பார்த்தாள். ஒரு நாய் கொட்டாவி விட்டதும் அந்தப் பத்தியையே அடித்துவிட்டாள் என்றார். சண்டை போட்டால் மன்னிப்புக் கேட்கமாட்டாள், என் செருப்பைத் துடைத்து வைப்பாள் என்றார். மண்டபம் அழுதது. இப்படி ஒரு காதலை நாடு கேட்டதில்லை என்று பத்திரிகைகள் எழுதின. முன்வரிசையில் அண்ணன் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

அன்றிலிருந்து ஆண்டுதோறும் இது நடக்கிறது. மேடையில் அவர் நிற்கிற இடத்தில் ஒரு தொட்டி வைக்கிறார்கள். அண்ணனின் நாற்காலியில் இப்போது அவர் மூத்த மருமகன் உட்காருகிறார். கடைசி வரிசையில், காது மந்தமாகிப்போன கால்நடை மருத்துவர் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் உதட்டை அசைத்துக்கொண்டிருப்பார். இடையில், "கேக்கலைங்க, கொஞ்சம் சத்தமா சொல்லுங்க" என்று குரல் கொடுப்பார். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. மாப்பிள்ளை நிறுத்தி, அந்த இடத்தை முதலிலிருந்து, சத்தமாக, இன்னொருமுறை சொல்வார்.