சர்வஞானத்தின் மூஞ்சி

அனந்தகிருஷ்ணனுக்கு மனிதர்களைக் கண்டால் ஆகாது. பத்திரிகைக்கு கார்ட்டூன் போட்டுப் பிழைக்கிறவனுக்கு இது வியாதி இல்லை, மூலதனம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொள்வான். சேலையூர் ஃப்ளாட்டின் பால்கனியில் காலைக் காப்பியோடு உட்கார்ந்தால் அதுதான் அவனுக்கு சினிமா. தொப்பையைக் குலுக்கிக்கொண்டு வாக்கிங் போகிறவர், ஸ்கூட்டிக்கு ஸ்டாண்ட் போடத் தெரியாமல் திண்டாடுகிற டீச்சர், ஸ்கூல் வேன் தெருமுனை திரும்பிப் போன பிறகும் பேரனுக்குக் கையாட்டிக்கொண்டே நிற்கிற பெரியவர். 'கண்றாவி, இதெல்லாம் ஒரு ஜென்மமா' என்று முனகிக்கொண்டே ஒன்று விடாமல் ரசிப்பான். ரசித்ததை மத்தியானத்துக்குள் வரைந்து அனுப்பிவிடுவான். மறுநாள் அது முதல் பக்கத்தின் கீழ் மூலைப் பெட்டியில் வந்துவிடும். இதற்குப் பெயர் சமூக விமர்சனமாம்.

அந்தப் பெட்டிக்கு ஒருமுறை ஆபத்து வந்தது. பம்மலில் கல்யாண மண்டபம் வைத்திருக்கும் சிட்டிபாபு, பந்தியில் நின்று ஜாங்கிரிகளை எண்ணுகிற கார்ட்டூன் ஆசாமி தான்தான் என்று கண்டுகொண்டு, ஆட்களோடு பத்திரிகை ஆபீசுக்கே வந்துவிட்டார்.

"இன்னாய்யா, என் மூஞ்சி உனக்கு ஜோக்கா கீதா? என் சம்சாரமே பாத்துட்டு சிரிச்சிகினு கீது. வூட்டாண்ட தலை காட்ட முடியல."

ஆசிரியர் மோகன்ராஜ் அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைத்தார். பிறகு அனந்தகிருஷ்ணனைக் கூப்பிட்டார். "இன்னொருத்தன் 'இது நான்தான்'னு சண்டைக்குப் படியேறி வந்தான்னா, உன் பெட்டியில ராசிபலன் வந்துடும். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதே."

அனந்தகிருஷ்ணன் ஆபீஸ் படி இறங்கும்போதே யோசித்தான். அந்தப் பெட்டி போனால் அவன் யார்? இரண்டாவது மாடி ரமாவின் புருஷன், அவ்வளவுதான்.

புத்தியுள்ளவன் இதற்குப் பிறகு வாலைச் சுருட்டிக்கொண்டு விலைவாசியையும் மழைத்தண்ணீரையும் வரைந்துகொண்டிருப்பான். இவன் போய் சாம்பசிவனைப் பிடித்தான். சாம்பசிவன் அதே ஃப்ளாட்டின் அசோசியேஷன் செயலாளர், மின்வாரியத்தில் ரிட்டையர் ஆனவர். சும்மா இருக்கத் தெரியாத மனுஷர். லிஃப்ட் ரிப்பேருக்கு வருகிறவனுக்கு லிஃப்டைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பார். தண்ணீர் லாரி டிரைவருக்கு ரிவர்ஸ் எடுக்கச் சொல்லிக்கொடுப்பார். இளநீர்க்காரனுக்கு இளநீர் வெட்டச் சொல்லிக்கொடுப்பார். தினமும் வருகிற மாதிரி ஒரு கார்ட்டூன் பாத்திரம் வேண்டும் என்று மோகன்ராஜ் கேட்டபோது, அனந்தகிருஷ்ணன் யோசிக்கவே இல்லை. சாம்பசிவனின் பானைத் தொப்பை, முக்கால் பேன்ட், கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி எல்லாவற்றையும் சுருட்டினான். வழுக்கைக்கு முடி வைத்து, மீசை ஒட்டி, சர்வஞானம் என்று பெயர் சூட்டினான்.

சர்வஞானத்துக்கு வேலை ஒன்றுதான். வேலை செய்கிற யாரையாவது பார்த்துக் கீழுதட்டைப் பிதுக்கி, ஒற்றைப் புருவத்தைத் தூக்கி, 'இதுகூடத் தெரியலையே' என்று நினைப்பது. கார்ட்டூன் பிய்த்துக்கொண்டு போனது. தாம்பரம் ஷேர் ஆட்டோவில் ஒருவன் இன்னொருவனைப் பார்த்து, "பெரிய சர்வஞானம் இவரு" என்றதை அனந்தகிருஷ்ணன் காதால் கேட்டான். சந்தோஷம் தாங்கவில்லை, பயமும் தாங்கவில்லை. லிஃப்டில் சாம்பசிவன் குரல் கேட்டால் படியில் இறங்கி ஓடுவான். ஆனாலும் வரைவதை மட்டும் விட்டானா என்றால் விடவில்லை.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாம்பசிவன் பேப்பரும் கையுமாக வாசலில் வந்து நின்றார்.

"கண்டுபிடிச்சுட்டேன் சார், இந்த சர்வஞானம் யாருன்னு."

அனந்தகிருஷ்ணன் கதவைப் பாதி சாத்திக்கொண்டான். "அது சும்மா கற்பனை சார்."

"எங்கிட்டயே மறைக்கறீங்களே. ஃப்ளாட்ல எல்லாருக்கும் தெரியும். உங்க மூஞ்சிதான் சார், அச்சு அசல். அந்த உதட்டைப் பிதுக்கறது ஒண்ணு போதாதா? தன்னைத்தானே கிண்டல் பண்ணிக்க எத்தனை பேருக்கு மனசு வரும் சொல்லுங்க. பொங்கல் விழாவுல உங்களுக்குப் பொன்னாடை போர்த்தறோம். கமிட்டில பேசி முடிச்சாச்சு."

கதவைச் சாத்தியதும் முதலில் நிம்மதி. காப்பி ஆறுவதற்குள் ஆத்திரம். "இந்த மண்டூகத்தைப் பாரேன். நான் இவனை வரையறேன், இவன் என்னைங்கறான்."

ரமா கீரை ஆய்ந்துகொண்டே, "உடம்பு அவரோடது. மூஞ்சி உங்களோடதுதான்" என்றாள்.

"என்ன உளர்றே?"

"வரையறச்சே மேஜையில கண்ணாடியை வெச்சுண்டு, அதைப் பாத்துண்டுதானே மூஞ்சியைக் கோணறேள்? தினம் காப்பி கொண்டு வரச்சே பாக்கறேனே."

வாஸ்தவம். கார்ட்டூன் போடுகிறவர்களுக்கு இருக்கும் பழக்கம்தான் அது. கோபம் வரைய வேண்டுமானால் தானே கண்ணாடியில் கோபப்பட்டுப் பார்ப்பது, அழுகைக்கு அழுது பார்ப்பது. மற்றவற்றுக்கெல்லாம் இவன் கொஞ்சம் சிரமப்பட வேண்டியிருக்கும். இளக்காரத்துக்கு மட்டும் சிரமமே கிடையாது.

"முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"வேணும்னுதான் வரையறேள்னு நெனச்சேன்" என்றாள் ரமா. "கொஞ்சம் பெருமையாக்கூட இருந்தது."

அவமானம் பிடுங்கித் தின்றது. அதிலிருந்து பிறந்ததோ வீம்பு. மேடையேறி மைக்கைப் பிடித்து, 'இது இந்த சாம்பசிவன்தான், நன்றாகப் பாருங்கள்' என்று சொல்லி அந்த ஆளின் மானத்தைக் கப்பலேற்றாமல் விடுவதில்லை என்று முடிவுகட்டினான். பொங்கல் வரையில் அந்த ஒரு வாக்கியத்தைக் குளிக்கும்போதுகூடச் சொல்லிச் சொல்லிப் பார்த்தான்.

கார் பார்க்கிங்கில் ஷாமியானா போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் அவனுடைய சினிமாவின் நடிகர்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். சாம்பசிவன் மைக்கைத் தட்டி, சிறப்பு விருந்தினரை அழைத்தார். முன்வரிசையிலிருந்து எழுந்து மேடைக்கு வந்தவர் மோகன்ராஜ். சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று சாம்பசிவனே ஆபீசுக்குப் போய்க் கூப்பிட்டுவிட்டு வந்திருக்கிறார்.

மைக் அனந்தகிருஷ்ணன் கைக்கு வந்தது. மனப்பாடம் செய்த வாக்கியம் நுனிநாக்கில் நின்றது. பக்கத்தில் மோகன்ராஜ் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். சொன்னால் சாம்பசிவன் இங்கேயே, ஆசிரியரின் கண்ணெதிரிலேயே சண்டைக்கு நிற்பார். பெட்டி போய்விடும். ஊரையே உதட்டைப் பிதுக்கிப் பார்த்தவன் தொண்டையைக் கனைத்துக்கொண்டான்.

"சர்வஞானம் வேற யாரும் இல்லை. நான்தான்."

அப்படி ஒரு கைதட்டல். ஸ்கூட்டி டீச்சர் எழுந்து நின்று தட்டினாள். மோகன்ராஜ் எழுந்து அவன் காதருகே வந்து, "முதல் நாளே எனக்குத் தெரியும்யா. வேற எவன் மூஞ்சியாவது இருந்திருந்தா அன்னிக்கே கிழிச்சுப் போட்டிருப்பேன்" என்றார்.

பொன்னாடையோடு சாம்பசிவன் எதிரே வந்து நின்றார். அனந்தகிருஷ்ணன் அந்த முகத்தை நிமிர்ந்து பார்த்தான். தொப்பையைப் பார்த்திருக்கிறான், முக்கால் பேன்ட்டைப் பார்த்திருக்கிறான், முகத்தை இத்தனை கிட்டத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. பக்கத்து வீட்டுக்காரனுக்கு மரியாதை கிடைத்ததில் அந்தக் கிழவருக்குக் கண் கலங்கியிருந்தது. இளக்காரம் மருந்துக்குக்கூட இல்லை. இந்த முகத்தை வைத்துக்கொண்டு ஒரு கார்ட்டூனும் போட முடியாது என்று அவனுக்குத் தெரிந்தது. தெரிந்தபோது தன்மேல் குமட்டிக்கொண்டு வந்தது.

"போட்டோ எடுக்கறாங்க, இந்தப் பக்கம் பாருங்க" என்று சாம்பசிவன் அவன் தோளில் போர்த்திய பொன்னாடையைச் சரிசெய்தார். "சிரிங்க சார். உங்களுக்கு சிரிச்ச முகம் நல்லா இருக்கும்."