பெரிய சாலையின் ஒன்பதாம் விளக்கு

நகரத்தின் பழைய பகுதியில் ஓடும் பெரிய சாலை, மணிக்கூண்டிலிருந்து நூல் பிடித்தாற்போலக் கிளம்பும். வழியில் ஓரிடத்தில் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு வளைவு. பிறகு மறுபடி நேராகி ஆற்றுவாசலில் போய் முடியும். வளைவின் உட்பக்கத்தில் நான்கு கடைகள். மூன்றாவது, அண்ணனும் அண்ணியும் நடத்தும் செருப்புக்கடை.

அண்ணனின் தங்கை நகராட்சியில் வரைபடப் பிரிவில் இருந்தாள். எதைப் பார்த்தாலும் நீளம் அகலம் சொல்லுவாள் என்பதால் அலுவலகத்தில் அவளுக்கு ‘அளவுகோல்’ என்று பெயர். வீட்டிலும் அதுவே ஒட்டிக்கொண்டது.

டிராம் பாதைக்காக அந்த நான்கு கடைகளையும் இடிக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டினார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. அளவுகோல் பொறியாளரிடமே போய்க் கேட்டாள். அவர் சாலையின் பழைய வரைபடத்தை மேசைமேல் விரித்தார். அதில் சாலை ஒரே நேர்கோடு.

“ரோடு போட்டப்போ நேராத்தாம்மா இருந்திருக்கு. இந்தக் கடைங்க பின்னாடி ரோட்டுல ஏறி உக்காந்துடுச்சு. அதான் வளைவு.”

அளவுகோல் மூன்று நாள் மதியச் சாப்பாட்டை மறந்து பழைய ஆவண அறையில் தும்மிக்கொண்டே கிடந்தாள். வியாழக்கிழமை பதினோரு மணிக்குக் கையில் சிக்கியது ஒரு மெலிந்த பதிவேடு: சாலை திறந்த ஆண்டு நட்ட எண்ணெய் விளக்குகளின் பட்டியல். மொத்தம் இருபத்து நாலு கம்பங்கள். முதல் கம்பம் மணிக்கூண்டில், கடைசிக் கம்பம் ஆற்றுவாசலில். கம்பத்துக்குக் கம்பம் அறுபது அடி.

பென்சிலை எடுத்தாள். இருபத்து மூன்று இடைவெளி, ஆயிரத்து முந்நூற்று எண்பது அடி. வரைபடத்தின் நேர்கோடோ ஆயிரத்து முந்நூற்று அறுபத்தைந்துதான். பதினைந்து அடி மிச்சம். நேரான சாலையில் அந்தப் பதினைந்து அடி எங்கே போகும்? வளைந்தால்தான் இடமிருக்கும். இன்னொரு முறை கணக்குப் போட்டாள். அதே விடை.

ஓட்டமும் நடையுமாகக் கடைக்கு வந்து விஷயத்தைக் கொட்டினாள். அண்ணன் தலையைச் சொறிந்தான்.

“பட்டியல்ல எவனோ தப்பா எழுதியிருப்பான்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாங்களே.”

“அதான் கம்பம் நட்ட கல்லைத் தேடுவோம். ஒன்பதாவது விளக்கு மணிக்கூண்டுலேர்ந்து நானூத்தி எண்பது அடி. அது இந்த வளைவுலதான் வரணும். அங்க கல் இருந்தா, ரோடு அப்பவே வளைஞ்சுதான் இருந்திருக்கு.”

அண்ணி கடையை அப்படியே விட்டுவிட்டு டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். போகிறவர் வருகிறவரையெல்லாம் “கொஞ்சம் தாண்டிப் போங்க, கொஞ்சம் தாண்டிப் போங்க” என்று ஒதுக்கியபடி, நாத்தனாரும் அவளும் சாலையோரமாகவே அளந்து வந்தார்கள். நானூற்று எண்பதாவது அடி செருப்புக்கடையின் இரண்டு படிகளுக்கு நேராக வந்து நின்றது.

“படிக்கு அடியிலயா?” என்றான் அண்ணன். அப்பா காலத்தில் கட்டிய படி.

“கடையே போகப்போகுது. படிக்கு என்ன அழுகை?” என்றாள் அண்ணி. தெருமுனையில் தண்ணீர்க் குழாய் பதித்துக்கொண்டிருந்தவர்களிடம் கடப்பாரை வாங்கி வந்து முதல் குத்தையும் அவளே போட்டாள்.

படி பெயர்ந்தது. செங்கல், மண், மறுபடி செங்கல். ஒரு முழ ஆழத்தில் கடப்பாரை ‘டங்’கென்றது. அளவுகோல் மண்டியிட்டுக் கையாலேயே மண்ணை வாரினாள். நடுவில் குழியுள்ள சதுரக் கல். ஓரத்தில் உளியால் வெட்டிய எண், ஒன்பது. அண்ணியின் தோளைப் பிடித்து உலுக்கினாள். பக்கத்துக் கடைக்காரர்கள் குனிந்து குனிந்து பார்த்தார்கள்.

அளவுகோல் போன் செய்த அரைமணியில் பொறியாளர் வந்துவிட்டார்.

“என் அண்ணன் கடைங்கறதால நான் சொல்றதை நம்ப வேணாம் சார். நீங்களே அளந்து பாருங்க” என்று பதிவேட்டையும் டேப்பையும் நீட்டினாள்.

அவர் தானே அளந்தார். கல்லுக்கு முன் குந்தி, எண்ணை விரலால் தடவினார்.

“அப்போ அந்த வரைபடம்?”

“அது போட நெனைச்ச ரோடு சார். போட்ட ரோடு இது.”

பொறியாளர் சிரித்துவிட்டார். அப்போதுதான் அவளுக்கு இன்னொன்று உறைத்தது. சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியாது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

“விளக்கு இருந்தது ரோட்டோட ஓரம். அதுக்கு மேல எங்க படி இருக்கு. அந்த ரெண்டு படியும் ரோட்டுலதான் சார் இருக்கு.”

அண்ணன் அவளை முறைத்தான். அண்ணி முறைக்கவில்லை. “எப்படியும் பேத்தாச்சு” என்றாள்.

வெள்ளிக்கிழமை விசாரணை இருபது நிமிஷம்தான் நடந்தது. பொறியாளரே எழுந்து, சாலை பிறந்ததிலிருந்தே வளைந்ததுதான் என்று சொன்னார். கடைகள் தப்பின. டிராம் அந்த இடத்தில் மெல்ல வளைந்து போகும் என்று முடிவானது. செருப்புக்கடைக்கு இரண்டு படி போயிற்று. அண்ணன் வாசலை உள்ளே தள்ளி வைத்துக்கொண்டு, தங்கையோடு ஒரு வாரம் பேசவில்லை. எட்டாம் நாள் அவளுக்கு ஒரு ஜோடி புதுச் செருப்பு எடுத்து வைத்தான்.

அடுத்த திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் பொறியாளர் அவள் மேசைக்கே வந்தார். கையில் புது டேப்.

“மிச்சம் இருபத்தி மூணு கல்லு எங்கெங்க இருக்குன்னு பாத்துருவோமா?”

அவள் ஏற்கெனவே எழுந்து நின்றிருந்தாள்.