நீவ் குடித்த சூப்

ஒன்பது வயதுப் பிள்ளை ஒருத்தி என் கண்ணைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டாள். நான் அவள் கண்ணைப் பார்த்தே பொய் சொன்னேன். போன நவம்பரில், என் சமையலறையில் நடந்தது இது.

கனசாவா நகரத்தில் அசானோ ஆற்றுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. கீழ்த்தளத்தில் சமையல் வகுப்பு நடத்துகிறேன். பிள்ளைகளோடு ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு மட்டும். பெற்றோர் சுவரோரம் நின்று படம் எடுத்துக்கொள்ளலாம்; அரிசி களைவதும் முட்டை உடைப்பதும் பிள்ளைகள் வேலை. மேசைக் கால்களை என் கணவர் அறுத்துக் குட்டையாக்கிக் கொடுத்தார். மூன்று வயதுப் பிள்ளைகூட நின்றபடியே சோறு உருட்டலாம். பக்கத்து வீட்டு ரித்சுகோ அக்கா உதவிக்கு வருவார். முப்பது வருடம் சந்தையில் மீன் விற்றவர். மனதில் பட்டதை அடக்கி வைக்கத் தெரியாதவர்.

வகுப்புக்குப் பெயர் கொடுக்கும்போதே, என்னென்ன சாப்பிட மாட்டீர்கள் என்று கேட்டுவிடுவேன். அயர்லாந்திலிருந்து ஓர்லா என்ற பெண் எழுதியிருந்தாள்: "என் மகள் நீவ் மீனும் இறைச்சியும் சாப்பிடுவதில்லை. அவளாகவே எடுத்த முடிவு. நாங்கள் மூவரும் எல்லாம் சாப்பிடுவோம்."

நான் உடனே பதில் போட்டேன். கவலையே வேண்டாம், சூப்புக்கு மீன் சேர்க்காமல் கடற்பாசியும் உலர்ந்த காளானும் ஊறவைத்த சாறு எடுத்துத் தருகிறேன் என்று. சொன்னபடி முந்தின நாளே ஊறவைத்தேன். காலையில் வடிகட்டி, கண்ணாடிக் கூஜாவில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன்.

மதியம் மழை. வாசலில் குடைகளை உதறும் சத்தம் கேட்டது. சாற்றை எடுக்கப் பெட்டியைத் திறந்தால் கூஜா இல்லை. கழுவித் துடைத்துத் தட்டில் கவிழ்த்து வைத்திருந்தது.

"அக்கா, இதுல இருந்தது எங்க?"

"அந்தப் பழைய பார்லி டீயா? கொட்டிட்டேன். நேத்துப் போட்டதுதானே?"

"டீ இல்லக்கா. அந்தப் பொண்ணுக்கு எடுத்த சாறு."

ரித்சுகோ அக்கா வாயில் கை வைத்துக்கொண்டார். "நிறம் அப்படியே டீ மாதிரிதானடி இருந்துச்சு! ஒரு சீட்டு ஒட்டி வெக்கக் கூடாதா?"

அவர்மேல் தப்பில்லை. சீட்டு ஒட்டாதது நான்தான்.

அடுப்பில் இன்னொரு பாத்திரம் இருந்தது. சூரை மீனைக் காயவைத்துச் சீவிய சீவலில் எடுத்த, வழக்கமான சாறு. மற்ற மூவருக்கும் அதுதான். புதிதாகக் கடற்பாசியைச் சூடான நீரில் ஊறவைத்துச் சாறெடுக்க இருபது நிமிடம் ஆகும். இல்லையென்றால், "இன்றைக்கு உனக்குச் சூப் இல்லை கண்ணு, தவறிப்போச்சு" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். இரண்டு வழியும் எனக்குத் தெரிந்தே இருந்தது.

"போய்ச் சொல்லிடு. என்ன ஆயிடப் போவுது?" என்றார் அக்கா.

"பாத்துக்கலாம்" என்றேன். நான்கு வருடத்தில் என் வகுப்பைப் பற்றி ஒருவரும் ஒரு குறை எழுதியதில்லை. அந்தப் பெருமை என் நாக்கைக் கட்டிப்போட்டது. வேறு காரணம் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை.

அவர்கள் உள்ளே வந்தார்கள். ஓர்லா, அவள் கணவன் டெக்லன், நீவ், அவளுடைய ஐந்து வயதுத் தம்பி கீயன். வந்த பத்தாவது நிமிடமே கீயன் தலைமுடியெல்லாம் சோறு. நீவ் அப்படியில்லை. கையை முழங்கை வரை கழுவினாள். நான் உருட்டுவதை உற்றுப் பார்த்து, அதே மாதிரி முக்கோணமாகச் சோற்றைப் பிடித்தாள். பிடித்துக்கொண்டே பேசினாள்.

"எங்க மாமா படகு வெச்சிருக்காரு டீச்சர். ஒரு நாள் என்னையும் கூட்டிட்டுப் போனாரு. ஒரு மீன் பலகைல துடிச்சுக்கிட்டே என்னையே பாத்துச்சு. மாமா சிரிச்சாரு. அன்னிக்கே விட்டுட்டேன். இன்னியோட முந்நூத்தி முப்பத்தோரு நாள்."

"எண்ணிக்கிட்டா இருக்க?"

"நோட்டுல கோடு போடுவேன்."

"லீவுலயாவது அந்த நோட்டுக்கு லீவு விடும்மான்னேன், கேக்கல" என்றான் டெக்லன். நீவ் அவனைப் பார்த்த பார்வையில் அவன் சிரிப்பு பாதியில் நின்றது.

கடைசியாகச் சூப். மீசோ என்ற சோயா விழுதைக் கரண்டியில் வைத்துச் சாற்றில் கரைக்கச் சொன்னேன். எந்தப் பாத்திரத்துச் சாறு என்பது உங்களுக்கே தெரியும். நீவ் கரைத்தாள். கிண்ணத்தைத் தூக்கினாள். குடிக்காமல் என்னைப் பார்த்தாள்.

"இதுல மீன் இல்லல்ல, டீச்சர்?"

ரித்சுகோ அக்கா சட்டென்று திரும்பித் தட்டுகளைக் கழுவ ஆரம்பித்தார்.

"இல்லம்மா. கடற்பாசிதான்."

அவள் கிண்ணத்தைக் காலி செய்தாள். இன்னொன்று கேட்டாள். அதையும் நான்தான் ஊற்றிக் கொடுத்தேன்.

அவர்கள் போனபின் அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் முப்பது வருஷம் மீன் வித்தவ. நேத்துப் பிடிச்சதை இன்னிக்குப் பிடிச்சதுன்னு பெரியவங்ககிட்ட சொல்லியிருக்கேன். பிள்ளைங்ககிட்ட சொன்னதில்லடி." குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று நான் சமைத்தது எனக்கே இறங்கவில்லை. அந்தப் பெண் இந்நேரம் நோட்டை எடுத்து, முந்நூற்று முப்பத்தொன்றாவது கோட்டைப் போட்டிருப்பாள் என்றே ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அவர்கள் பேருந்தில் தக்கயாமா போவதாகச் சொல்லியிருந்தார்கள். எட்டு மணிக்கே விடுதிக்குப் போனேன். ஓர்லா மட்டும் கீழே பெட்டிகளோடு நின்றாள். இடுப்பு வளையக் குனிந்து, நடந்ததைச் சொன்னேன்.

அவள் நிம்மதியாக மூச்சு விட்டாள். "அவ்வளவுதானா? நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். விடுங்க. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. இன்னும் பத்து நாள் பயணம் இருக்கு. உயிரை எடுத்துருவா."

மன்னிப்பு அவ்வளவு சுலபமாகக் கிடைத்துவிட்டது. "சரிங்க" என்று திரும்பினேன். செருப்பில் ஒரு காலை நுழைத்தும்விட்டேன்.

"டீச்சர்!" மாடிப்படியில் தடதடவென்று நீவ் இறங்கி வந்தாள். "வழியனுப்ப வந்தீங்களா? ராத்திரி அப்பாகிட்ட சொன்னேன், இந்த ஊர்லயே உங்க சூப்தான் பெஸ்ட்டுன்னு."

ஓர்லா என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று. நான் குனிந்து நீவின் உயரத்துக்கு வந்தேன்.

"நீவ், அந்தச் சூப்புல மீன் சாறு இருந்துச்சு."

அவள் அழவில்லை.

"உங்களுக்கு அப்புறமா தெரிஞ்சுதா?"

"இல்ல."

"நான் கேட்டப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப ஏன் இல்லன்னு சொன்னீங்க?"

"தப்பு பண்ணிட்டேன்னு உங்க எல்லார் முன்னாடியும் சொல்ல வெக்கமா இருந்துச்சு."

இதை அவள் யோசித்துப் பார்த்தது தெரிந்தது. பிறகு முதுகுப் பையைக் கழற்றி, அடியில் துழாவி, சோற்றை வடிவமாகப் பிடிக்க மரத்தால் செய்த சின்ன அச்சு ஒன்றை எடுத்தாள். வகுப்பு முடிந்ததும் எல்லாப் பிள்ளைகளுக்கும் நான் கொடுப்பது. அதைச் செருப்பு அலமாரிமேல் வைத்தாள். என்னிடம் தரவில்லை, அங்கே வைத்தாள். பையை மாட்டிக்கொண்டு மாடிக்கே திரும்பிப் போனாள்.

ஓர்லாவின் முகம் சிவந்திருந்தது. குரலை உயர்த்தவில்லை. "உங்க மனசு லேசாகணும்னு வந்தீங்க. இப்ப அந்தப் பாரத்தை அவமேல இறக்கி வெச்சுட்டுப் போறீங்க."

அச்சை எடுத்துக்கொண்டு ஆற்றோரமாகவே நடந்து வந்தேன். அவள் சொன்னது உண்மையா என்று எத்தனையோ முறை கேட்டுப் பார்த்துவிட்டேன். பாதி உண்மை. அந்தப் பிள்ளைக்கு நிஜம் தெரியவேண்டும் என்று நினைத்ததும் உண்மை. என் நெஞ்சில் அடைத்திருந்தது கரையவேண்டும் என்று நினைத்ததும் உண்மை. எது கூட, எது குறைவு என்று பிரித்தெடுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ரித்சுகோ அக்காவிடம் எல்லாம் சொன்னேன். "நேத்தே சொல்லியிருந்தா ஒரு கிண்ணம் சூப்போட போயிருக்கும்" என்றார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். டீ போட்டுக் கொடுத்தார். அதுதான் இன்னும் சுட்டது.

ஐந்து நாள் கழித்து ஓர்லாவிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. தக்கயாமாவில் நீவ் இரண்டு நாள் வெறும் சோறும் ஆப்பிளும்தான் சாப்பிட்டாளாம். எந்தக் கடையில் யார் என்ன சொன்னாலும் நம்பவில்லையாம். மூன்றாம் நாள் தானாகவே வந்து, "கடற்பாசியில எப்படிச் சாறு எடுக்கறதுன்னு அந்த டீச்சர்கிட்ட எழுதிக் கேளு. இனிமே நானே செஞ்சுக்கறேன்" என்றாளாம். அடியில் ஓர்லா ஒரு வரி சேர்த்திருந்தாள்: "உங்களோடு பேச அவளுக்கு இஷ்டமில்லை. செய்முறை மட்டும் அனுப்புங்கள்."

நான்கு முறை எழுதி அழித்தேன். மன்னிப்பு கேட்டு எழுதிய வரிகளையெல்லாம் கடைசியில் எடுத்துவிட்டேன். அவள் அதைக் கேட்கவில்லை. இத்தனை தண்ணீருக்கு உள்ளங்கை நீளத்தில் ஒரு துண்டு கடற்பாசி, மூன்று உலர்ந்த காளான், ராத்திரி முழுக்க ஊறவேண்டும், அடுப்பில் வைத்தால் தளதளவென்று கொதிக்கும் முன்பே பாசியை எடுத்துவிடவேண்டும். அவ்வளவுதான் எழுதினேன். அனுப்புமுன் ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், எங்காவது பொய் ஒட்டியிருக்கிறதா என்று.

பதில் வரவில்லை. வரும் என்று நினைப்பதற்கு எனக்கு உரிமையும் இல்லை.

இப்போது வகுப்பு தொடங்கும் முன் எல்லாப் பாத்திரத்தையும் திறந்து மேசைமேல் வைத்துவிடுகிறேன். இதில் மீன், இதில் இல்லை என்று பிள்ளைகளிடமே சொல்லி முகர்ந்து பார்க்கச் சொல்கிறேன். சிலர் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள், சிலர் விரலை விட்டு நக்குவார்கள். போன வாரம் ஆறு வயதுப் பையன் ஒருவன் இரண்டையும் முகர்ந்துவிட்டு, "நிஜமாவா?" என்று என்னைக் கேட்டான்.

"நிஜமாத்தான்" என்றேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் பிசிறியது. அவன் அதையெல்லாம் கவனிக்காமல் கிண்ணத்தை நீட்டினான்.